திறந்தால் போதாது, படிக்கவும் வேண்டும்: வான்படக் கோப்புகள் பற்றி ஒரு பாடம்

இந்த மாதப் பாடத்தை ஒரு மன்னிப்போடு தொடங்குகிறேன். யாரிடம் கேட்கிறேன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும்.

பிப்ரவரி மாதம், செகிஞ்சான் வயல்வெளிக்குப் பக்கத்தில் நம் இளைஞர்கள் பதினான்கு பேர் வானம் பார்க்கப் போனோம். அன்றைய குறி கார்த்திகைக் கூட்டம். வெறுங்கண்ணுக்கு ஆறு ஏழு நட்சத்திரமாகத் தெரியும் அந்தக் கொத்தைச் சுற்றி மெல்லிய நீலப் புகை போன்ற தூசு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத்தான் தெரியும். அதைப் பிடிக்கத்தான் அவ்வளவு தூரம்.

படிவம் 5 படிக்கும் ஒரு தங்கச்சி, மாமாவிடம் இரவல் வாங்கிய கேமராவோடு வந்திருந்தாள். வானம் சுழலும் வேகத்துக்குக் கேமராவைத் திருப்பும் ஸ்டார் டிராக்கர் கருவியைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். நம் ஊரில் அது தொடுவானத்திலிருந்து மூன்று நான்கு பாகை உயரத்தில்தான் இருக்கும். மரமும் மேகமும் மறைத்துவிடும். அவள் ஒரு மணி நேரம் போராடி அதைச் சரிசெய்து, ஒவ்வொன்றும் 60 விநாடியாக 90 படங்கள் எடுத்தாள்.

மறுநாள் எல்லாருடைய கோப்புகளும் என் மடிக்கணினிக்கு வந்தன. பொறியியல் மாணவன் அல்லவா, பொறுப்பு என்னிடம். திறந்து பார்த்தேன். எல்லாம் கருப்பு.

"என்னடா இது, ஒன்னுமே விழலையா?" என்று நினைத்து, ஓர் இலவச மாற்றியில் போட்டு 90 படங்களையும் ஜேபெக் ஆக்கினேன். அதிலும் கருப்புக்குள் சில புள்ளிகள்தான். "சரி, இதாவது இருக்கட்டும்" என்று வைத்துக்கொண்டு, மூலக் கோப்புகளை அழித்தேன். கேமரா அட்டையையும் ஃபார்மட் செய்து, அன்று மாலை நடந்த நிகழ்ச்சியைப் படம் எடுக்க இன்னொருவரிடம் கொடுத்துவிட்டேன்.

கோப்புகளில் எந்தக் கோளாறும் இல்லை. அவற்றைப் படிக்க எனக்குத்தான் தெரியவில்லை. இந்தத் தப்பை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பாடம்.

1. ஏன் கருப்பாகத் தெரிந்தது?

கேமராவின் உணரி ஒவ்வொரு புள்ளியிலும் விழுந்த ஒளியை ஓர் எண்ணாக எழுதுகிறது. 14 பிட் கேமரா என்றால் 0 முதல் 16,383 வரை, மொத்தம் 16,384 படிகள். நாம் வழக்கமாகப் பார்க்கும் திரையில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான்.

வான்படத்தில் இருட்டான வானத்தின் எண் 580 என்று வைத்துக்கொள்வோம். முழு அளவில் அது நான்கு விழுக்காடுகூட இல்லை. அந்த எண்ணை அப்படியே திரைக்கு அனுப்பினால் கருப்பாகத்தானே தெரியும்? இப்படி எந்தத் திருத்தமும் இல்லாமல் இருக்கும் தரவை 'லீனியர்' என்பார்கள். வான்பட மென்பொருள்கள் முதலில் அப்படியே காட்டுவதுதான் சரி. அளவெடுக்க அதுதான் வேண்டும்.

"ஆனா கேமரா பின்பக்கத் திரையில நல்லா தெரிஞ்சதே?" என்று கேட்பீர்கள். அங்கே கேமரா தானாகவே இருட்டுப் பகுதியை வெளிச்சமாக்கும் ஒரு வளைகோட்டைப் போட்டு, சின்ன ஜேபெக் முன்னோட்டமாகக் காட்டுகிறது. மூலக் கோப்புக்குள் அந்த முன்னோட்டமும் ஒட்டிக்கொண்டிருக்கும். சாதாரணப் படம் பார்க்கும் செயலிகள் பல அதைத்தான் எடுத்துக் காட்டும். உண்மையான தரவை அல்ல.

சிரில் என்ற இலவச மென்பொருளில், படத்துக்குக் கீழே காட்சி முறை என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் 'லீனியர்' என்பதை 'ஆட்டோஸ்ட்ரெட்ச்' என்று மாற்றினால் போதும், நட்சத்திரங்கள் கொட்டும். இது காட்சியை மட்டும்தான் மாற்றும், கோப்பில் உள்ள ஓர் எண்ணைக்கூடத் தொடாது. நான் செய்ய வேண்டியிருந்தது அந்த ஒரு சொடுக்கு மட்டுமே.

2. ஜேபெக் எதைத் தின்றது?

இதைக் கணக்காகவே பார்ப்போம். வானம் 580. கார்த்திகையைச் சுற்றியுள்ள நீலத் தூசு அதைவிடக் கொஞ்சம் வெளிச்சம், 600 என்று வைப்போம். வித்தியாசம் 20. அந்த 20 தான் நாம் தேடிப் போன பொருள்.

16,384 படிகளை 256 படிகளாகச் சுருக்கினால் 64 ஆல் வகுக்க வேண்டும். 580ஐ 64 ஆல் வகுத்தால் 9.06. 600ஐ வகுத்தால் 9.37. தசமத்துக்கு இடமில்லை. இரண்டும் 9. வானமும் 9, தூசும் 9. வித்தியாசம் போய்விட்டது.

பல படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுப்பதை 'ஸ்டாக்' செய்வது என்கிறோம். தொண்ணூறு 9களின் சராசரியும் 9 தானே. போதாததற்கு ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, "கண்ணுக்குத் தெரியாது" என்று அது முடிவுசெய்யும் நுண்ணிய மாற்றங்களைத் தூக்கிப் போடுகிறது. குடும்பப் படத்துக்கு அது நல்ல ஏற்பாடு. நமக்கு வேண்டியதே அந்த நுண்ணிய மாற்றம்தான்.

பிறகு அந்த ஜேபெக்கை டிஃப் ஆகவோ ஃபிட்ஸ் ஆகவோ மாற்றிப் பார்த்தேன். கோப்பு பெரிதானது, படம் மாறவில்லை. பிழிந்த கரும்புச் சக்கையை வெள்ளிக் கிண்ணத்தில் வைத்தாலும் சாறு திரும்பாது.

3. எந்தக் கோப்பு எதற்கு?

ரா கோப்பு: டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் மூலக் கோப்பு. கேனனில் சிஆர்2 அல்லது சிஆர்3, நிக்கோனில் என்இஎஃப், சோனியில் ஏஆர்டபிள்யூ என்று முடியும். உணரி எழுதிய எண்கள் அப்படியே உள்ளே இருக்கும். கேமரா புதியது, மென்பொருள் பழையது என்றால் "இந்தக் கோப்பு தெரியாது" என்று மறுக்கலாம். அப்போது கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் மென்பொருளைப் புதுப்பியுங்கள். அதற்கும் திறக்கவில்லை என்றால் அடோபியின் இலவச மாற்றியால் டிஎன்ஜி ஆக்கித் திறக்கலாம்.

ஃபிட்ஸ்: வானியலுக்கென்றே உருவான கோப்பு. இதற்குத் தனியாக ஒரு பகுதி கீழே வருகிறது.

டிஃப்: இதில் 8, 16, 32 பிட் என்று வகைகள் உண்டு. 32 பிட்டில் தசம எண்களாகவும் எழுதலாம். டீப்ஸ்கைஸ்டாக்கர் மென்பொருள் அடுக்கி முடித்ததும் 'ஆட்டோசேவ்' என்ற பெயரில் 32 பிட் டிஃப் ஒன்றை வைக்கும். அதைச் சாதாரணச் செயலியில் திறந்தால் கருப்பாகவோ வெள்ளையாகவோ வரும், இல்லையென்றால் திறக்கவே திறக்காது. கிம்ப் போன்ற மென்பொருளில் திறக்கும்.

எஸ்இஆர்: வியாழன், சனி, நிலா போன்றவற்றுக்கான காணொளிக் கோப்பு. ஆயிரக்கணக்கான சட்டகங்கள் ஒரே கோப்பில் சுருக்காமல் இருக்கும். சாதாரணக் காணொளிச் செயலியில் ஓடாது. ஆட்டோஸ்டாக்கர்ட் அல்லது சிரிலில் திறந்து, காற்று அமைதியாக இருந்த நொடிகளின் சட்டகங்களை மட்டும் பொறுக்கி அடுக்க வேண்டும்.

ஜேபெக், பிஎன்ஜி: வேலை முடிந்த பிறகு நண்பர்களுக்கு அனுப்ப. தொடக்கத்தில் இவை வேண்டாம்.

4. ஃபிட்ஸ் தலைப்பைப் படிப்போம்

ஒரு காலத்தில் ஒவ்வொரு வானாய்வகக் கணினியும் ஒவ்வொரு விதமாகத் தரவை எழுதியது. ஓர் ஆய்வகத்தின் நாடாவை இன்னோர் இடத்தில் படிக்க முடியாத நிலை. இதற்குத் தீர்வாகத்தான் ஃபிட்ஸ் பிறந்தது. 1981இல் அதன் விவரம் வெளியானது. 1982இல் அனைத்துலக வானியல் ஒன்றியம் அதை ஏற்றது. புதிய வசதிகள் சேர்ந்தாலும் பழைய கோப்புகள் செல்லாமல் போகக்கூடாது என்பது அதன் அடிப்படை விதி. இந்த நம்பிக்கையால்தான் வத்திக்கான் நூலகம் தன் பழைய கையெழுத்துச் சுவடிகளை மின்னாக்கம் செய்யும்போது ஃபிட்ஸைத் தேர்ந்தெடுத்தது.

அமைப்பு எளிமையானது. மேலே தலைப்பு, கீழே எண்கள். தலைப்பில் ஒவ்வொரு வரியும் சரியாக 80 எழுத்து. 36 வரிகள் சேர்ந்து 2,880 பைட் கொண்ட ஒரு கட்டு. மனிதர் படிக்கக்கூடிய எழுத்திலேயே இருக்கும். திறந்ததும் நான் இப்போது முதலில் பார்க்கும் வரிகள் இவை.

பிட்பிக்ஸ்: ஒரு புள்ளிக்கு எத்தனை பிட். 8, 16, 32 என்றால் முழு எண். மைனஸ் 32 என்றால் 32 பிட் தசம எண். மைனஸைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது ஓர் அடையாளம் மட்டுமே.

பிசீரோ: 16 பிட் ஃபிட்ஸ் எண்கள் மைனஸ் 32,768 முதல் 32,767 வரை எழுதப்படும். கேமராவின் எண்களோ 0 முதல் 65,535 வரை. ஆகவே எழுதும்போது 32,768ஐக் கழித்துவிட்டு, "படிக்கும்போது இதைக் கூட்டிக்கொள்" என்று பிசீரோ வரியில் சொல்லி வைப்பார்கள். நீங்களே பைத்தானில் சொந்தமாக நிரல் எழுதிக் கோப்பைப் படித்து, இந்த வரியை மறந்தால் இருட்டும் வெளிச்சமும் குழம்பிவிடும்.

டேட்-ஆப்ஸ்: படம் எடுத்த நேரம். இது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு 8 மணி நேரம் பின்னால் இருக்கும். இரவு 9.10க்கு எடுத்த படத்தில் 13.10 என்றிருந்தால் கடிகாரம் தப்பு இல்லை. 15ஆம் தேதி விடிகாலை 2 மணிக்கு எடுத்த படத்தில் 14ஆம் தேதி என்றுதான் இருக்கும்.

எக்ஸ்ப்டைம்: எத்தனை விநாடி திறந்திருந்தது. பேயர்பேட், ரோஆர்டர் என்று இன்னும் இரண்டு வரிகள். என் அடுத்த தப்பு அங்கேதான்.

5. நீலம் பச்சையான கதை

நம் குழுவில் ஓர் அண்ணன் வானியல் கேமராவால் எடுத்த 40 ஃபிட்ஸ் கோப்புகள் மட்டும் அழியாமல் இருந்தன. இந்த முறை கவனமாகத் திறந்தேன். ஆட்டோஸ்ட்ரெட்ச் போட்டேன். தூசு தெரிந்தது! ஆனால் நிறம் பச்சை. கார்த்திகைக்குப் பச்சைப் புகையா?

வண்ணக் கேமராவின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கும். முதல் வரிசையில் சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. அடுத்த வரிசையில் பச்சை, நீலம், பச்சை, நீலம். இதற்குப் பேயர் அமைப்பு என்று பெயர். பேயர்பேட் வரி இந்த வரிசையைச் சொல்கிறது. மென்பொருள் அதை நம்பித்தான் முழு வண்ணப் படத்தை உருவாக்குகிறது. அந்த வேலைக்கு 'டிபேயர்' என்று பெயர்.

சில மென்பொருள்கள் படத்தின் முதல் வரிசையை மேலே என்று எடுத்துக்கொள்ளும், சில கீழே என்று எடுத்துக்கொள்ளும். ரோஆர்டர் வரி இருந்தால் குழப்பமில்லை. என் கோப்புகளில் அந்த வரி இல்லை. மென்பொருள் படத்தைத் தலைகீழாக எடுத்துக்கொண்டது. வரிசைகள் இடம் மாறியதால், பச்சைப் புள்ளிகளின் எண்கள் சிவப்புக்கும் நீலத்துக்கும் போயின. உண்மையான நீலமும் சிவப்பும் கலந்து பச்சைக்கு வந்தன. நீலத் தூசு பச்சையாகத் தெரிந்ததற்கு இதுதான் காரணம்.

தரவு கெடவில்லை, படித்த விதம்தான் தப்பு. சிரிலின் விருப்பத் தேர்வுகளில் பேயர் அமைப்பை நானே தேர்ந்தெடுத்து மறுபடி திறந்தேன். நீலம் வந்தது. முன்பு மாதிரி "கெட்டுப்போச்சு" என்று அழித்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

6. ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை

அடுக்கப் போகும் படங்கள் எல்லாம் ஒரே அகலம், ஒரே உயரம், ஒரே வகையாக இருக்க வேண்டும். இரண்டு கேமராப் படங்களை ஒரே கூடையில் போடாதீர்கள். தனித்தனியாக அடுக்கி முடித்துக் கடைசியில் சேர்க்கலாம்.

மூடியைப் போட்டு எடுக்கும் இருட்டுப் படங்களும் வான்படத்தின் அதே கோப்பு வகையில் இருக்க வேண்டும். வான்படம் ரா, இருட்டுப் படம் ஜேபெக் என்றால் கழித்தல் கணக்கு சரிவராது.

டிபேயரை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். முதலில் இருட்டுப் படத்தைக் கழிப்பது போன்ற திருத்தங்கள், பிறகுதான் வண்ணம். சிரிலில் கோப்புகளை மாற்றும் பக்கத்தில் டிபேயர் கட்டத்தை முதலில் டிக் செய்யாமல் விடுங்கள். அதன் தயார் நிரல்கள் லைட்ஸ், டார்க்ஸ், ஃபிளாட்ஸ், பையசஸ் என்ற பெயரில் கோப்புறைகளைத் தேடும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் "கோப்பு இல்லை" என்று நிற்கும்.

திறந்ததும் புள்ளிவிவரத்தைப் பாருங்கள். 16 பிட் என்று சொல்லும் கோப்பில் மிகப் பெரிய எண் 255 தான் என்றால், வழியில் யாரோ அதை 8 பிட்டாக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கிவிடும். 'டாக்குமெண்ட்' என்று அனுப்புங்கள். அதைவிட நல்லது, பென்டிரைவில் நேரில் கொடுப்பது.

கடைசியாக, முக்கியமாக: கோப்பை இரண்டு இடத்தில் நகல் எடுத்து, இரண்டு நகலிலும் ஒரு படத்தைத் திறந்து பார்த்து, எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகே அட்டையை ஃபார்மட் செய்யுங்கள்.

7. அந்தத் தொண்ணூறு படங்கள்

தங்கச்சியிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. பள்ளி அறிவியல் கழகத்தில் காட்டுவதற்காகத்தான் அவள் எடுத்திருக்கிறாள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. எஸ்.பி.எம். ஆண்டு. இன்னொரு இரவு வெளியே விடுவார்களா என்பதும் சந்தேகம்.

அட்டையை ஃபார்மட் செய்தாலும் அதன் மேல் புதிதாக எழுதாதவரை பழைய தரவு பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ஆகவே தெரியாமல் அழித்துவிட்டால் உடனே அந்த அட்டையைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். நான் அதையும் செய்யவில்லை. அன்று மாலை அதே அட்டையில் நிகழ்ச்சிப் படங்கள் ஏறிவிட்டன. ஃபோட்டோரெக் என்ற இலவச மீட்பு மென்பொருளை ஓர் இரவு முழுக்க ஓட்டினேன். 90இல் 11 கிடைத்தன.

பதினொன்றையும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் கையாலேயே ஏற்றினோம். ஆட்டோஸ்ட்ரெட்ச் போட்டதும் நட்சத்திரங்களைச் சுற்றி, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு ஒரு நீலம். 90 இருந்திருந்தால் எவ்வளவு தெளிவாக இருந்திருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நான் மன்னிப்புக் கேட்டேன்.

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "கார்த்திகை அடுத்த வருஷமும் வரும் அண்ணே. ஆனா இனிமே யாரோடதையும் கேக்காம அழிக்காதீங்க."

அந்தப் பதினொன்றில் வந்த படத்தைத்தான் அவள் பள்ளியில் காட்டினாள். எத்தனை படங்கள், எத்தனை விநாடி, மீதி என்ன ஆயிற்று என்பதையும் கீழே எழுதிவைத்தாள். என் பெயரைப் போடவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. அதனால்தான் இங்கே நானே எழுதுகிறேன்.

வீட்டுப் பயிற்சி

ஒன்று: உங்கள் கேமராவிலோ கைப்பேசியிலோ ரா வசதி இருந்தால் அதைத் திறந்து, இன்றிரவு வாசலில் நின்று வானத்தை ஒரு படம் எடுங்கள். அதையே ஜேபெக்கிலும் எடுங்கள். இரண்டையும் சிரிலில் ஏற்றி ஆட்டோஸ்ட்ரெட்ச் போட்டு, இருட்டுப் பகுதியை மட்டும் பெரிதாக்கி ஒப்பிடுங்கள்.

இரண்டு: ஒரு ஃபிட்ஸ் கோப்பின் தலைப்பைத் திறந்து, படம் எடுத்த நேரத்தை மலேசிய நேரத்துக்கு மாற்றுங்கள். தேதி மாறுகிறதா என்று பாருங்கள்.

மூன்று: வான்படம் மட்டுமல்ல, உங்களிடம் யாரோ நம்பிக் கொடுத்த கோப்பு எது இருந்தாலும் இன்றே இன்னொரு நகல் எடுத்து வையுங்கள்.

முதல் இரண்டில் சந்தேகம் வந்தால் அடுத்த சந்திப்பில் கேளுங்கள். மடிக்கணினியோடு வருகிறேன்.